போனுக்குப் பிடிபடாத பாட்டு

முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை முடிந்து ஆறாவது வாரம், மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளியிருந்த பிசியோதெரபி நிலையத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் மிதிக்க வேண்டும். ஏழாவது நிமிடத்திலேயே நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். எனக்குப் பயிற்சி தருகிற பெண் என் மகளைவிட இளையவள். எல்லாருக்கும் பொதுவாகப் பழைய பாட்டுகள் எதையாவது போட்டுவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒருநாள் அவள் வந்து என் தோளில் தட்டினாள். "மதாம், இருபது நிமிடம் ஆகிவிட்டது, போதும்" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

நான் நேரத்தைக் கவனிக்கவேயில்லை. கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டிருந்தது. பாட்டுத்தான் அதை மிதிக்க வைத்தது. ஒரே சீராக விழுகிற மெசின் தாளம், அதற்கு மேலே பளபளவென்று ஏறி இறங்குகிற ஒரு கீபோட், ஏதோ தூரத்திலிருந்து பாடுகிற மாதிரி ஓர் ஆணின் குரல். அடுத்ததாக மெட்டு எங்கே திரும்பும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அது எந்தப் பாட்டு, பாடியது யார், எந்த மொழி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மெட்டு முழுவதும் எனக்குள் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஞாயிறு மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவளிடம் சொன்னேன்.

"அம்மா, போனுக்கு ஹம் பண்ணுங்கோ. அது கண்டுபிடிச்சுச் சொல்லும்."

"விசர்க்கதை கதையாதை. நான் முனகிறது போனுக்கு விளங்குமோ?"

"விளங்கும். சும்மா செய்யுங்கோ."

சாப்பாட்டு மேசையில் போனை என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முனகினேன். பத்து விநாடி இருக்கும். போன் யோசித்துவிட்டு ஒரு படத்தைக் காட்டியது. கறுத்தக் கோட்டுப் போட்ட இரண்டு இளைஞர்கள், முகத்தில் சிரிப்பில்லை, தலைமயிர் மட்டும் நெட்டுக்கு நின்றது. மகள் அதைத் தொட்டாள். சமையலறை முழுவதும் அதே பாட்டு.

நான் முறைப்படி சங்கீதம் கற்றவள் இல்லை. என்னுடைய முனகலை வைத்து ஒரு மெசின் அதைக் கண்டுபிடித்தது பெரிய ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்தப் பாட்டு இத்தனை வருடமாக ஒரு சுரமும் பிசகாமல் எனக்குள் கிடந்தது.

"எங்கை கேட்டனீங்கள் இதை?" என்று மகள் கேட்டாள்.

"பக்ரறியிலை" என்றேன்.

எண்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், அகதியாக மொன்றியலுக்கு வந்தேன். வந்து மூன்றாவது மாதமே சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஏழாவது மாடி. பெண்களின் குளிர்கோட்டுகள் தைப்பார்கள். நான் கொலர் மட்டும் தைப்பேன். காலையிலிருந்து பின்னேரம் வரை கொலர். முப்பது மெசின்கள் ஒன்றாக ஓடும் அந்த இரைச்சலையும் மீறி, சாப்பாட்டறைக் கதவுக்கு மேலே ஒரு பலகையில் வானொலி அலறிக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் இத்தாலியப் பெண்மணி. மெதுவான பாட்டு வந்தால் எழும்பிப்போய் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவாள். வேகமான பாட்டுப் போனால் எங்கள் கை வேகமாக ஓடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தக் காலத்து மின்னிசைப் பாட்டும் நடனப் பாட்டும்தான் எங்களுக்கு நாள் முழுவதும். எனக்கு ஆங்கிலமும் மட்டு மட்டு. பிரெஞ்சில் தெரிந்தது 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. விளங்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

மகளால் அன்றைக்குப் போனை என்னிடமிருந்து பறிக்க முடியவில்லை. நான் ஒவ்வொன்றாக முனக முனக அது ஒவ்வொன்றாகப் பிடித்துத் தந்தது. பதினொரு பாட்டு. நான் ஒரே பாட்டு என்று நினைத்திருந்த ஒன்று உண்மையில் இரண்டு பாட்டாக இருந்தது.

அதில் ஒரு பாட்டைத் தொழிற்சாலையில் நாங்கள் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவோம். அதில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி எங்கள் காதில் "மாமி வாறா, மாமி வாறா" என்றுதான் விழும். சூப்பர்வைசர் எங்கள் பக்கம் நடந்து வரும்போதெல்லாம் அதை ஒருத்தி தொடங்குவாள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் தொடருவோம். இதை மகளுக்குச் சொன்னேன். அவள் போனில் அந்தப் பாட்டின் சொற்களைத் தேடி எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது அணுகுண்டைப் பற்றின பாட்டு."

"என்ன?"

"சீரியஸ்லி. வானத்திலை இருந்து குண்டு விழப்போகுது, வா, அதுக்கு முன்னம் ஆடுவம் எண்டு பாடுறாங்கள்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. குண்டுக்குப் பயந்து வந்து சேர்ந்த பன்னிரண்டு பெண்கள், குண்டைப் பற்றிய பாட்டுக்கு மாமி வாறா என்று பாடி, நாளுக்குக் கட்டுக்கட்டாகக் கொலர் தைத்திருக்கிறோம். எங்களில் யாருக்காவது அன்றைக்கு அது விளங்கியிருந்தால் பாடியிருப்போமா என்று தெரியவில்லை. ஒருவேளை பாடியிருப்போம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் அந்தப் பாட்டுகளை முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். மகள் காதுக்குள் வைக்கிற கருவி ஒன்று வாங்கித் தந்தாள். தொழிற்சாலையில் கேட்டபோது மேலே மிதந்த மெட்டுத்தான் எங்களுக்கு அதிகம் கேட்டிருக்கிறது. அடியில் ஓடியதில் பாதியைத் தையல் மெசின்கள் விழுங்கியிருக்கின்றன. இப்போது காதுக்குள் வைத்துக் கேட்டால், அடியில் ஒரு தடித்த ஓசை, யாரோ மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஓடி ஏறுகிற மாதிரி ஓயாமல் போகிறது. அதற்கும் மேலே இருக்கிற மெட்டுக்கும் நடுவில் நிறைய வெறும் இடம். அந்த வெறும் இடத்தை அவர்கள் நிரப்பவில்லை. எங்கள் சினிமாப் பாட்டில் ஐம்பது வயலின் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே யாரோ ஒருவர் ஒரு விரலால் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. குரலும் அப்படித்தான். அழவேண்டிய இடத்தில் அழாமல் நேராக நின்று பாடுகிறது. அழாதபடியால்தான் அந்த அழுகை கேட்கிறவரிடம் வந்து சேர்கிறது.

அந்தப் பாட்டுகளைச் செய்தவர்களைப் பற்றியும் வாசித்தேன். பெரும்பாலும் இருபது வயதுப் பெடியங்கள், பெட்டைகள். பலருக்குச் சங்கீதம் எழுத வாசிக்கத் தெரியாது. படுக்கையறையில் ஒரு மெசினை வைத்து, அது என்ன செய்யும் என்று நோண்டிப் பார்த்துப் பாட்டாக்கியிருக்கிறார்கள். அந்த வருடங்களில் மொன்றியலே நடனப் பாட்டுக்குப் பேர்போன ஊராம். நாங்கள் குனிந்து கொலர் தைத்துக்கொண்டிருந்த அதே நகரத்தில் செய்த இசைத்தட்டுகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. எனக்கு இந்த ஊரில் மெத்ரோவும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் கணவருக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "என்னப்பா உது, டங்கு டங்கு எண்டு" என்பார். நான் ஒரு காதுக் கருவியை எடுத்து அவர் காதில் வைத்தேன். அரை நிமிடம் கேட்டார். "உள்ளுக்குள்ளை வேறை மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் ஒரு பாட்டு மட்டும் போனுக்குப் பிடிபடவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குத் தெளிவாக ஞாபகமிருந்த பாட்டு அதுதான். சொல்லே இல்லாத மெட்டு. நாலு வரி மாதிரி ஏறி, கடைசியில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். பிறகு திரும்பத் தொடங்கும். எத்தனை முறை முனகினாலும் போன் சம்பந்தமில்லாத எதையாவது காட்டியது. ஒருமுறை குழந்தைகளைத் தூங்கவைக்கிற பாட்டு. ஒருமுறை ஒரு நாட்டின் தேசிய கீதம். மகள் கணினியில் தேடினாள். தன் சினேகிதர்களிடம் அனுப்பிக் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"நீங்களே கற்பனை பண்ணினதோ தெரியாது அம்மா."

"எனக்கு அவ்வளவு மூளை இருந்தால் நான் ஏன் கொலர் தைச்சனான்?"

தொழிற்சாலையில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து மெசினில் இருந்த சினேகிதி லவாலில் இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை மெத்ரோவில் ஏறி, ஜான்-தலோனில் மாறி ஒரேஞ்சு லைன் எடுத்துக் கடைசி ஸ்ரேசன் மட்டும் போனேன். அவள் காரோடு வந்து நின்றாள். வீட்டுக்குப் போனதும் அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டத் தொடங்கினாள். நான் கதிரையில் இருந்து, எதுவும் சொல்லாமல், அந்த மெட்டை முனகினேன்.

கத்தி நின்றது. திரும்பிப் பார்க்காமலே, கத்திப் பிடியால் பலகையில் தட்டத் தொடங்கினாள். டும், டும்டும். டும், டும்டும். என்னுடைய மெட்டுக்கு அடியில் அது கச்சிதமாகப் போய்ப் பொருந்தியது. நான் மறந்துவிட்டிருந்த அடித்தாளம் அவளிடம் இருந்தது.

"எடியே, உனக்கும் தெரியுது!"

"ஏன் தெரியாது? உது றேடியோப் பாட்டில்லையடி. பிரெஸ் அண்ணை ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுவந்த கசற்."

அவள் சொன்னதும் எனக்கும் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வானொலியை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு வாரம் எங்கள் கசற்றைப் போடச் சூப்பர்வைசர் விடுவாள். ஹெய்ட்டிக்காரப் பெண்கள் தங்கள் ஊர்ப் பாட்டுக் கொண்டுவருவார்கள். நாங்கள் சினிமாப் பாட்டுக் கொண்டுபோவோம். பிரெஸ் அண்ணை என்று நாங்கள் சொன்னது, தைத்து முடிந்த கோட்டுகளை நீராவிப் பிரெஸ்ஸில் வைத்து மடிப்பெடுக்கிறவரை. முப்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்துகிற கடையில் வேலை செய்தவர். மெலிந்த ஆள், அதிகம் கதைக்கமாட்டார். அவருடைய முறை வந்த ஒரு வெள்ளிக்கிழமை பெயர் எழுதாத கசற் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அன்றைக்கு ஹெய்ட்டிப் பெண் ஒருத்தி மெசினை விட்டு எழும்பி, தைத்த கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆடினாள். அதற்குப் பிறகு எல்லாரும் கேட்டுக் கேட்டு, எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்தக் கசற் ஓடியது. யாருடைய பாட்டு என்று நாங்கள் கேட்டதாக ஞாபகமில்லை.

சினேகிதியின் மச்சானுக்கு அவரைத் தெரிந்திருந்தது. கர்க்லாண்டில் மகளின் குடும்பத்தோடு இருக்கிறாராம். நம்பர் வாங்கி அன்றைக்கே அடித்தோம். நான் கதைத்தேன்.

"அண்ணை, நான் சபனெல் பக்ரறியிலை கொலர் தைச்ச பிள்ளை."

கொஞ்சம் யோசித்தார். "மூண்டாம் லைன். பச்சைச் சுவெற்றர்."

"ஓம் அண்ணை."

"சொல்லுங்கோ. ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" எங்கள் வயதில் எதிர்பாராத தொலைபேசி வந்தால் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

"ஒண்டும் இல்லை அண்ணை. நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுவந்த கசற் ஒண்டு. அதிலை இருந்த பாட்டு என்ன பாட்டு எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"எந்தப் பாட்டு?"

முனகினேன். சினேகிதி பக்கத்தில் மேசையில் தட்டினாள்.  

"மூண்டாவது வரியிலை நீங்கள் ஒரு சுரம் கூட்டிப் பாடுறியள்" என்றார். "அது வராது. அந்தக் கட்டை என்ரை கீபோட்டிலை வேலை செய்யாது."

நான் கதிரையில் நிமிர்ந்தேன். "என்ரை கீபோட்டெண்டால்… அண்ணை, அது நீங்கள் செய்ததோ?"

"ஓம்" என்றார். "அது நான்தான்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் கர்க்லாண்டுக்குப் போனோம். சினேகிதி கார் ஓட்டினாள். பனி உருகி வீதியோரமெல்லாம் சேறு. அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. தலை முழுவதும் வெள்ளை, ஆள் அதே மெலிவு. மனைவி எங்களை முன்பின் அறியாதவர், வடை சுட்டு வைத்திருந்தார். தேத்தண்ணி ஊற்றும்போது மெதுவாகக் கேட்டார்.

"என்ன பாட்டுப் பிள்ளையள் அது? இந்த மனுசன் கிழமை முழுக்க நித்திரை இல்லாமல் திரியுது. கேட்டால் ஒண்டும் இல்லையாம்."

மனைவிக்கே அது தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

வந்த முதல் வருடம் ஜூலை முதலாம் திகதி, ஊர் முழுவதும் வீடு மாறுகிற நாளில், யாரோ நடைபாதையில் விட்டுப்போன குவியலுக்குள் ஒரு கீபோட்டைக் கண்டிருக்கிறார். தூக்கிக்கொண்டு வந்து திறந்து திருத்தினார். மூன்று கட்டைகள் மட்டும் கடைசிவரை வேலை செய்யவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு தாள மெசின் அகப்பட்டது. அப்போது ஒரு சின்ன அறையில் ஆறு ஆண்கள் முறைவைத்துப் படுத்தார்கள். இவர் குளியலறையில் நிலத்தில் இருந்து, காதில் ஹெட்போன் போட்டு, இரண்டு கசற் ரெக்கோடரை வைத்துச் செய்திருக்கிறார். ஒன்றில் தாளத்தைப் பதிந்து, அதை ஓடவிட்டு, அதற்கு மேலே வாசித்து மற்றதில் பதிவது. பிறகு அதை ஓடவிட்டு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இரைச்சல் கொஞ்சம் கூடும்.

"அந்த மூண்டு கட்டையும் இல்லாமல்தான் மெட்டுப் போடவேண்டியிருந்தது" என்றார். "அதுதான் அது கடைசியிலை இறங்காமல் நிக்கிறது. இறங்கிறதுக்குக் கட்டை இல்லை."

சினேகிதி வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் என்னைப் போட்டு ஆட்டிய அந்த அந்தரம், வேலை செய்யாத ஒரு கட்டையிலிருந்து வந்திருக்கிறது. அதை அவர் குறையாக விடாமல் அழகாக்கியிருக்கிறார் என்று நினைக்க மலைப்பாக இருந்தது.

"ஏன் அண்ணை அப்ப எங்களுக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? ஊரிலை சண்டை. ஒவ்வொரு நாளும் செய்தி. அகதியா வந்தவன் டிஸ்கோ அடிக்கிறான் எண்டு சொல்லுவினம் எண்டு பயம்." கோப்பையைக் கீழே வைத்தார். "பிரெஸ்ஸடியிலை நிண்டு பாத்தால் உங்கள் எல்லாற்றை காலும் தெரியும். அந்தக் கசற் ஓடேக்கை முப்பது பேற்றை காலும் ஒண்டாப் போச்சுது. எனக்கு அது காணும்."

"அந்தக் கசற் இப்ப எங்கை?"

"இல்லை. மூத்தவள் பிறந்து கதைக்கத் தொடங்கேக்கை, அவளின்ரை குரலைப் பிடிச்சு ஊருக்கு அம்மாவுக்கு அனுப்ப வேறை கசற் கையிலை இருக்கேல்லை. அதுக்கு மேலை பதிஞ்சு அனுப்பிப்போட்டன். கீபோட்டும் பேந்து வீடு மாறேக்கை தொலைஞ்சுபோச்சுது."

அவருடைய மனைவி இவ்வளவு நேரமும் வடைத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றார். கோபமில்லை. ஆச்சரியமும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பிறகு தட்டை வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, கீழை பிள்ளையின்ரை கீபோட் இருக்குத்தானே. இறங்குங்கோ. எனக்கும் கேக்க வேணும்" என்றார்.

பேஸ்மென்றில் பேத்தி பாடம் படிக்கிற கீபோட் ஒன்று இருந்தது. அண்ணை அதற்கு முன்னால் இருந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டார். முதல் இரண்டு வரியும் வந்தன. மூன்றாவதில் நின்றுவிட்டார். தான் செய்த மெட்டை அவரே மறந்துவிட்டார். நான் முனகினேன். அவர் விரல் தேடிப் பிடித்தது. சினேகிதி அடித்தாளத்தைத் தட்டிக் காட்ட, இடது கையால் அதை எடுத்தார். அன்றைக்கு முழுப் பாட்டும் வரவில்லை. நாங்கள் நாலு சனிக்கிழமை போனோம். எனக்கும் அவளுக்கும் ஓரிடத்தில் சண்டையும் வந்தது. அடித்தாளம் அந்த இடத்தில் இரண்டு முறையா மூன்று முறையா என்று. அண்ணை இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னதுதான் சரி என்றார். எனக்கு அன்று முழுவதும் மனம் சரியில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நான் இன்னொன்று சொன்னேன். "அண்ணை, அதிலை இடைக்கிடை ஒரு சத்தம் வரும். இஸ்ஸ்ஸ் எண்டு. ஒவ்வொரு வரியின்ரை முடிவிலையும். அதை விட்டுட்டியள்."

"அப்பிடி ஒரு சத்தம் நான் போடேல்லை."

"இருந்தது. நான் எத்தினை தரம் கேட்டிருக்கிறன்."

"ஓம் அண்ணை, இருந்தது" என்றாள் சினேகிதியும். அவளில் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் ஆறியது.

அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கால் நிலத்தில் ஒருமுறை அழுத்தி எழும்பியது. அவர் தன் காலையே குனிந்து பார்த்தார்.

"பிரெஸ்" என்றார். "நீராவி. கசற் ஓடேக்கை நான் பெடலைத் தாளத்துக்குத்தான் மிதிச்சிருக்கிறன் போலை. எனக்கே தெரியாது."

எங்கள் ஞாபகத்தில் இருந்த பாட்டின் ஒரு பகுதி கசற்றில் பதியப்படவே இல்லை. அது அந்த ஏழாவது மாடியில், கோட்டுகளுக்கு மேலே, அவருடைய காலிலிருந்து நேரடியாக வந்தது. அந்தப் பழைய கசற்றே கிடைத்திருந்தாலும் அந்தச் சத்தம் அதில் இருந்திருக்காது. கீபோட்டில் காற்றுச் சத்தம் ஒன்றைத் தேடி எடுத்து, வரி முடிவுகளில் வைத்தார். அவருடைய மனைவி படிக்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். செருப்புப் போட்ட கால் ஆடியது. அதை அவர் மறைக்கவுமில்லை.

முடித்துப் பதிந்து எங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். கேட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. நாலைந்து முறை கேட்டபிறகு துணிந்து அவரிடம் சொன்னேன்.

"அண்ணை, கோவிக்கக் கூடாது. சரியான துப்புரவா இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி."

அவர் கோபிக்கவில்லை. சந்தோசமாகச் சிரித்தார். "எனக்கும் அதுதான். ஆராவது சொல்லுவினமோ எண்டு பாத்தனான்." அந்தக் கிழமையே பழைய கசற் ரெக்கோடர் இரண்டு தேடி வாங்கினார். முன்பு செய்த மாதிரியே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றி மாற்றிப் பதிந்தார். பழைய கீபோட்டில் வேலை செய்யாத அந்த மூன்று கட்டைகளையும் பேத்தியின் கீபோட்டில், தான் தொட்டுவிடாமலிருக்க, ஒட்டுப் பிளாஸ்திரி போட்டு மூடினாராம். அப்படி வந்த இரண்டாவது பதிவைக் கேட்டபோது நான் சமையலறையில் நின்றேன். அரிசி கழுவின கை தண்ணீரோடு அப்படியே நின்றது. எனக்கு அது இருபத்திரண்டு வயதை ஞாபகப்படுத்தவில்லை. அந்தக் காலம் எனக்குத் திரும்பி வரவேண்டியதுமில்லை. எவ்வளவு நல்ல பாட்டு என்றுதான் நினைத்தேன். போன் கண்டுபிடித்துத் தந்த அந்தப் பதினொன்றோடும் பக்கத்தில் வைத்தால் கூச்சமில்லாமல் நிற்கும். அவற்றைச் செய்தவர்களுக்கு உலகம் கிடைத்தது. இவருக்கு முப்பது பேரின் கால்கள் கிடைத்தன. செய்த வேலையின் தரத்தில் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை. மகளுக்கு அனுப்பினேன். அவள் பதிலுக்கு ஒரே ஒரு சொல் எழுதினாள்: "வாவ்." பிறகு அவளுடைய சினேகிதர்கள் யாரோ கேட்கிறார்கள், அனுப்பலாமா என்று அண்ணையிடம் அனுமதி வாங்கச் சொன்னாள். அவர் இரண்டு நாள் யோசித்து ஓம் என்றார்.

இந்தக் கோடையில் அவர்களுக்குக் கலியாணம் முடிந்து முப்பத்தைந்து வருடம். பிள்ளைகள் ஒரு மண்டபம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்து வைத்தார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். கேக் வெட்டி, படம் எடுத்து, பேச்சுகள் முடிந்ததும் இசை போடுகிற தம்பி சினிமாப் பாட்டுகளைத் தொடங்கினார். ஆட்கள் சாப்பாட்டு வரிசையைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள். அப்போது அண்ணையின் மனைவி, கூறைச் சேலையோடு, எழும்பி நேராக அந்தத் தம்பியிடம் போய்த் தன் போனைக் கொடுத்தார். அண்ணைக்குத் தெரியாது. தாளம் தொடங்கியதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

மண்டபத்தில் ஒருவருக்கும் அது என்ன பாட்டு என்று விளங்கவில்லை. சொல் இல்லை, பாட்டுக்காரர் இல்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "தம்பி, சிடி பழுதோ?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். அண்ணையின் மனைவி நடு மண்டபத்தில் தனியாக நின்று மெதுவாக ஆடத் தொடங்கினார். பெரிய ஆட்டமில்லை. தோளும் காலும் மட்டும். கணவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வாங்கோ. உங்கடை பாட்டுத்தானே."

அவர் எழும்பிப் போனார். இருவருக்கும் ஆடத் தெரியவில்லை, ஆனால் தாளம் பிசகவில்லை. சினேகிதி என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவர்களுடைய மகள் வந்தாள். மருமகன் வந்தார். எதுவும் விளங்காத உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர், விளங்காமலே, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். சிடி பழுதோ என்று கேட்டவர் கதிரையில் இருந்தபடியே கைத்தடியால் தாளம் போட்டார். இசை போடுகிற தம்பி பாட்டு முடியமுன் யாரும் கேட்காமலே அதைத் திரும்ப முதலிலிருந்து விட்டார். சாப்பாட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வந்தவர் திரும்பிப் போகவில்லை, வாசலிலேயே நின்று பார்த்தார்.